நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாத வால்வு

என் காருக்குப் பதினேழு வயது. அதை விற்றுத் தொலை என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. சொன்ன அத்தனை பேரும் அதே காரில்தான் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் இறங்கியிருக்கிறார்கள். அதனால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு முன்கோபம் உண்டு, காரைக் குறை சொன்னால் அது இரண்டு மடங்காகும்.

அந்தக் கார்தான் ஒரு சனிக்கிழமை காலையில், மதுரை காளவாசல் சிக்னலில் வைத்து என் மானத்தை வாங்கியது. பச்சை விழுந்தது, பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது, வண்டி நின்றுவிட்டது. பின்னால் இருந்த பஸ் டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் ஐந்து வயது மகள். மூவரும் பேரையூருக்குக் கிளம்பியிருந்தோம். மகளின் காதுகுத்து விஷயத்தை இன்றைக்கு ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்று அங்கிருந்து என் அம்மா வரச் சொல்லியிருந்தார்.

அந்த விஷயம் இதுதான். ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டிய காது. மூன்றாவது வயதிலும் தள்ளிப்போனது. இப்போது ஐந்து. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் தோடு போட்டு வருகிறார்கள், இவள் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு வருகிறாள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் இல்லாமலில்லை. மனைவிக்கு ஒரே தம்பி, டவுனுக்குள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். ஆனால் ஏழு வருடமாக எங்களோடு பேச்சில்லை.

அவர்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட, அக்காவும் தம்பியும் மட்டும்தான். அவனை வளர்த்ததே இவள்தான். நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம், அவனிடம் சொல்லவில்லை. வேறு சாதியில் கட்டியதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லையாம். தன்னிடம் மறைத்ததுதான் பொறுக்கவில்லை. ‘எனக்கு அக்காவே கெடையாது’ என்று யாரிடமோ சொல்லியனுப்பினான். வேறு யாரையாவது மாமன் முறையில் உட்காரவைக்கலாம் என்று என் அம்மா எத்தனையோ பேரைச் சொல்லிப் பார்த்தார். மனைவி ஒரே பிடியாக நின்றாள். தம்பி மடி இல்லையென்றால் காதே குத்த வேண்டாம்.

நாலு பேர் கூடித் தள்ளி, வண்டியைப் பக்கத்து ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினோம். மனைவியையும் மகளையும் ஆட்டோ பிடித்து நாகமலை புதுக்கோட்டை வீட்டுக்கு அனுப்பினேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, எஞ்சினில் இருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு அலுமினிய மூடியைக் கழற்றிக் காட்டினார். தெர்மோஸ்டாட் வால்வு உட்காரும் வீடு அது, ஹவுசிங் என்பார்கள். கறையான் அரித்த மரம்போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. உள்ளே இருக்கவேண்டிய வால்வைக் காணவே காணோம்.

அதை எடுத்தது யார் என்று கேட்டார். எடுக்கவிட்டவன் நான்தான். பேரையூரில் ஒரு மெக்கானிக், ‘நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குண்ணே இது, குளிர் நாட்டுக்காரனுக்கில்ல வேணும்’ என்று கழற்றிக் கையில் கொடுத்தார். எனக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அதற்குப் பிறகு மீட்டரில் சூட்டு முள் கால்வாசியைத் தாண்டியதே இல்லை. அதை நாலு பேரிடம் பெருமையடித்தும் இருக்கிறேன்.

இந்தப் பழைய மாடலுக்கு ஹவுசிங் ஒரே கடையில்தான் கிடைக்கும் என்று மெக்கானிக் கடை பெயரைச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. மச்சினன் கடை. வேறு கடையே கிடையாதா என்று மூன்று தரம் கேட்டேன். அவர் நாலு இடத்துக்குப் போன் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சரி, நடக்கிறது நடக்கட்டும் என்று அரித்துப்போன ஹவுசிங்கைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

கல்லாவில் அவனே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். அவன் தெரிந்துகொண்டது எனக்கும் தெரிந்தது. ஒரு நிமிஷம் பில் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “என்னண்ணே வேணும்?” என்றான்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. மதுரையில் வருகிறவன் போகிறவன் எல்லாருமே அண்ணன்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அக்கா புருஷனை அண்ணே என்பதா? அவனுக்கு நான் அண்ணன் என்றால் அவளுக்கும் அண்ணன் ஆகிறேனே! எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மகளின் காது ஞாபகத்துக்கு வந்ததால் விழுங்கிக்கொண்டு, பேப்பரைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன்.

அவன் ஹவுசிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். விரலால் ஓட்டையைத் தடவினான். என்ன தண்ணீர் ஊற்றினேன் என்று கேட்டான். கூலன்ட் எல்லாம் கிடையாது, எங்கள் வீட்டு போர் தண்ணீர்தான் என்றேன். உப்புத் தண்ணீரா என்றான். சாம்பார் வைத்தால் உப்பே போட வேண்டாம், அப்படி ஒரு தண்ணீர் என்றேன். வால்வு எங்கே என்றான். கழற்றிவிட்டேன் என்றேன், வெயிலையும் குளிர் நாட்டையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் முகம் சிவந்துவிட்டது. “எவன் மாமா கழட்டச் சொன்னது? வெயில் சூடு வேற, வண்டி சூடு வேற. எஞ்சின் ஒரு சூட்டுக்கு வந்து நிக்கணும், அதுக்குத்தான் வால்வு. இம்புட்டு அரிக்கிற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

மாமா. அது அவன் வாயிலிருந்து விழுந்ததை நானும் கேட்டேன், அவனும் கேட்டான். இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்தோம். அவன் சட்டென்று திரும்பி அலமாரியில் தேட ஆரம்பித்தான். தேவைக்கு அதிக நேரம் தேடினான்.

புது ஹவுசிங், வால்வு, கசியாமல் இருக்க இடையில் வைக்கும் பேக்கிங், இரண்டு கேன் கூலன்ட் எல்லாம் மேஜைக்கு வந்தன. வால்வை மட்டும் அப்படியே தரமாட்டானாம். எதிர் டீக்கடைக்கு எடுத்துப்போய், கொதிக்கிற தண்ணீர் ஒரு குவளை வாங்கி அதில் போட்டான். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். டீ மாஸ்டர் என்னவோ ஏதோ என்று அவரும் வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வால்வின் வாய் மெல்லத் திறந்தது. நல்ல சரக்கு என்று சொல்லிக் கரண்டியால் எடுத்தான்.

பணத்தை நீட்டினேன், அவன் கவனிக்கவில்லை. மெக்கானிக்குக்குப் பேக்கிங் ஒழுங்காக வைக்கத் தெரியாது என்று வண்டி வண்டியாகத் திட்டிக்கொண்டே ஷட்டரை இறக்கினான். தன் பைக்கிலேயே என்னை ஏற்றிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்கு வந்தான். மெக்கானிக்கை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, பழைய பேக்கிங்கைச் சுரண்டி, சிறு ஸ்பிரிங் இருக்கிற பக்கம் எஞ்சினைப் பார்க்க வால்வை உட்காரவைத்து, போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கினான். கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றினான். டிரையல் பார்க்க வேண்டும் என்று சாவிக்குக் கையை நீட்டினான்.

அவன் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காளவாசலைத் தாண்டித் தேனி ரோட்டில் போனோம். முள் மெதுவாக ஏறி, பாதியில் வந்து நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. இனித் திருப்பிவிடுவான் என்று பார்த்தேன். அவன் நேராகப் போய்க்கொண்டே இருந்தான். காதுகுத்துப் பேச்சை எப்படி எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நாகமலை புதுக்கோட்டை வந்ததும் இண்டிகேட்டர் போட்டு இடதுபக்கம் ஒடித்தான். ரேஷன் கடை தாண்டி இரண்டாவது சந்து. எங்கள் வீட்டுக்குக் கூரியர்காரர் வருவதென்றால் மூன்று தரம் போன் போட்டு வழி கேட்பார். இவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் வழி சொல்லவில்லை. எங்கள் மஞ்சள் கேட்டுக்கு முன்னால் அலுங்காமல் நிறுத்தினான். எத்தனை தரம் வந்து, கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனானோ!

மனைவி வாசலுக்கு வந்தாள். அப்படியே நின்றாள். அவன் இறங்கி, அவள் பின்னால் வந்த மகளின் வெறுங்காதைப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். ஏழு வருடத்தில் எங்கள் வீட்டில் நான் அந்தப் பாஷையைக் கேட்டதே இல்லை. பேச ஆள் இல்லாமல் அவள் அதை எங்கே வைத்திருந்தாள்? மகள் என் விரலைப் பிடித்து இழுத்து, “அப்பா, அம்மா என்ன பேசுது?” என்றாள். தெரியாது என்றேன்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு கேக்குறான்.”

முகூர்த்தமாவது மண்ணாவது, நாங்கள் நாளே பார்த்திருக்கவில்லை.

“அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை” என்றேன், “காலைல ஆறுல இருந்து ஏழரை.”