பயம் இல்லாதவர்கள் என்றார் குத்தகைக்காரர்: செண்பகத்தோப்புக்கு ஒரு பிரயாணம்

பெண்கள் பள்ளிக்கூடத்தில் வருஷம் முழுவதும் தொண்டை வற்றக் கத்துகிறவளுக்குக் கோடை விடுமுறை வந்தால் எங்காவது போயே ஆகவேண்டும். அதிலும் இது புது நூற்றாண்டு பிறந்தபின் வந்த முதல் விடுமுறை. எங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர். லீவு கிடைத்தால் தூங்கியே கழிப்பதாக இருந்தார். அந்தச் சமயம் பார்த்து, ராஜபாளையத்தில் வாத்தியாராக இருக்கும் இவருடைய சிநேகிதர், "சித்திரை கடைசியில் வாருங்கள், செண்பகத்தோப்பு மலையில் மலைஜனங்களான பளியர்கள் பாறையில் இறங்கித் தேன் எடுப்பதைக் காட்டச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். நான் அன்றைக்கே துணி மடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்தப் பக்கம் வர நினைக்கும் சகோதரிகளுக்காக வழியை விவரமாகவே சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயில் கிடையாது. திருநெல்வேலியிலிருந்து சாத்தூர் வரை புகைவண்டி, மூன்றாம் வகுப்பு ஆளுக்குப் பத்தணா. சாத்தூரில் இறங்கியதும் வண்டிக்காரர்கள் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள். பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு பேரம் பேசுங்கள். நாங்கள் மீரான் ராவுத்தர் என்பவருடைய வில்வண்டியைப் பிரயாணம் முழுவதற்குமாகப் பேசிக்கொண்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் இருபத்துநாலு மைல், அங்கிருந்து ராஜபாளையம் ஏழு மைல். சிவகாசியில் மாட்டுக்கு ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும். சாலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, என் இடுப்பைத்தான் கேட்கவேண்டும்.

ராஜபாளையத்தில் இரண்டு நாள். சிநேகிதர் குடியிருந்தது ஒரு தெலுங்குக்காரர் வீட்டின் பின்கட்டில். அந்த வீட்டம்மாள் "கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி" என்று, அதாவது உட்காருங்கள் உட்காருங்கள் என்று, உபசரித்தே என்னைப் பதினைந்து இட்லி சாப்பிட வைத்துவிட்டாள். வாசலில் கட்டியிருந்த வெள்ளை வேட்டைநாய் ஒன்று எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரே ஒரு தடவை உறுமியது. அதன்பின் இரண்டு நாளும் அவர் பின்வாசல் வழியாகத்தான் போக்குவரத்து.

மூன்றாம் நாள் விடியற்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினோம். சாமான்களைப் பிரயாணிகள் தங்கும் முசாபரி பங்களாவில் போட்டுவிட்டு, மடவார் வளாகத்தில் சிநேகிதர் சொல்லி வைத்திருந்த குத்தகைக்காரர் வீட்டுக்குப் போனோம். மலையில் தேன், மெழுகு, கடுக்காய் எடுக்கும் குத்தகை அவருடையது. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத எங்களுக்குச் சாப்பாடு போட்டு, இன்னொரு பாத்திரம் நிறையக் கட்டிக்கொடுத்து, வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தார். கணக்குப் பார்க்கும் அவர் மச்சினன் நல்லதம்பியும் ஏறிக்கொண்டார். ஒரு கடுக்காய் மூட்டை காணாமல்போன விஷயத்தில் அத்தானுக்கும் மச்சினனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவருக்கு வெற்றிலைச் செல்லம் வேண்டும் என்றால்கூட என்னிடம் கேட்பார், நான் மற்றவரிடம் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

செண்பகத்தோப்பு ஊரிலிருந்து மேற்கே ஐந்து மைல். வண்டியில் குத்தகைக்காரர் பளியர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பளியன் கணக்கா மனுசன் உலகத்துலயே கெடையாது, வாத்தியாரம்மா. பயம்ங்கிறது அவன் ரத்தத்துலயே இல்ல. நமக்கு அந்தப் பாறையில நின்னு எட்டிப் பாத்தாலே தலை சுத்தும். அவன் பாட்டுக்கு விறுவிறுன்னு இறங்குவான். ஈ கொட்டுனாக்கூட உறைக்காது."

"அவங்ககிட்ட கேட்டிருக்கீங்களா?" என்றேன்.

"இதெல்லாம் கேக்கவா செய்வாக? அவிய பொறப்பே அப்பிடி."

அவர் முகத்தில் நிஜமான பிரியம் இருந்தது. எனக்கு மட்டும் அந்தப் புகழ்ச்சி பிடிக்கவில்லை. காரணம் உண்டு. ஒரு வருஷம் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், "வேதக்காரப் பெண்களுக்குச் சேவை என்றால் களைப்பே தெரியாது" என்று மேடையில் எங்களை வானளாவப் புகழ்ந்தார். நாங்களும் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த மாதமே என் தலையில் இன்னொரு வகுப்பு விழுந்தது. ஒரு கூட்டத்தையே ஒரே வாக்கியத்தில் யாராவது புகழ்ந்தால், அதற்குப் பின்னால் என்ன வேலை வரப்போகிறது என்று அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மலையடியில் மீரான் ராவுத்தர் மாட்டை அவிழ்த்துப் போட்டுத் தங்கிவிட்டார். அங்கிருந்து நடை, இரண்டரை மைல், முழுவதும் ஏற்றம். புடவைக்காரிகள் செருப்பை நம்பாமல் கால்பட்டை சுற்றிக்கொள்வது நல்லது. எங்களுக்கு வழிகாட்டி சடையன் என்ற பளியர். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அவர் மனைவி பேச்சி தோளில் பெரிய கொடிச் சுருளைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். வெறுங்கையோடு போன நான் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பாறை உச்சிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் நாலு மணி. பொழுது சாய்ந்து ஈ அடங்கினபிறகுதான் இறங்குவார்களாம். நான் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். பனைமரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் ஐந்தாறு மரம் பிடிக்கும் ஆழம். நடுவில் பாறை உள்வாங்கிய இடத்தில் கறுப்பாகப் பெரிய பெரிய அடைகள் தொங்கின. கொடியை மேலே மரத்தில் கட்டிக் கீழே விட்டு, அதைப் பிடித்து இறங்கி, ஒரு கையால் புகை போட்டு, மறு கையால் அடையை அறுக்க வேண்டும்.

வெயில் தணிந்ததும் சடையன் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினார். அவர் கொடியை எடுக்கப் போனபோது பேச்சி அந்தச் சுருளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். கோபமாகவெல்லாம் இல்லை. சந்தையில் கூடைக்காரி தன் இடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் காய்ச்சல்ல கெடக்கான். அவன் எந்திரிச்சு வரட்டும், பொறவு இறங்கட்டும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நல்லதம்பிதான் விளக்கினார். "மேல கொடிக்குக் காவல் இருக்கது பொண்டாட்டியோட கூடப்பொறந்தவனாத்தான் இருக்கணும்மா. அதான் இவிய வழக்கம். அவன்னா சொந்தத் தங்கச்சியத் தாலியறுக்க விடமாட்டாம்லா."

கூடப்பிறந்தவர்களை இவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிற வழக்கத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. முடிச்சு நழுவலாம், பாறை விளிம்பில் கொடி தேயலாம், பகைக்காரன் எவனாவது வரலாம். மேலே இருப்பவன் கண் அசந்தால் கீழே இருப்பவனுக்கு உயிர் இல்லை. தன் தங்கைக்காக ஒருவன் கண் அசரமாட்டான் என்பதுதான் அவர்களுடைய காப்பு.

குத்தகைக்காரருக்கு முகம் சுருங்கியது. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் அல்லவா? "மச்சான்தான வேணும்? இந்தா நிக்கான் பாரு, எம் மச்சினன். இவன் பிடிப்பான்" என்று நல்லதம்பியைக் காட்டினார்.

"அவரு உங்க வீட்டம்மாவுக்குத் தம்பி" என்றாள் பேச்சி. "எம் புருசன் விழுந்தா அவரு அக்காளுக்கு என்ன கொறையப் போவுது?"

"ஏலே சடையா, பொம்பள பேச்சக் கேட்டுக்கிட்டா நிக்க? பளியனுக்கு ஏதுலே பயம்?"

இதைக் கேட்டதும் சடையன் சிரித்தார். வெட்கமும் பெருமையும் கலந்த சிரிப்பு. "எந்திரிட்டீ, சும்மா போயிட்டு வந்திருதேன்" என்று மனைவியைத் தோளில் தொட்டு எழுப்பப் பார்த்தார். வண்டியில் கேட்டபோது வெறும் பேச்சாக இருந்தது இங்கே ஓர் ஆளை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கையால் தள்ளினால் எல்லோரும் ஓடிவந்து தடுப்போம். இது புகழ்ச்சி, அதனால் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்களுக்காகன்னா யாரும் இறங்க வேண்டாம்" என்றேன்.

"உங்களுக்காக மட்டுமாம்மா? இன்னைக்கு விட்டா நாளைக்கு ஈ அடையக் குடிச்சிட்டுப் போயிரும். அம்புட்டும் நஷ்டம்."

"அப்போ நீங்க இறங்குங்க. கொடியப் பிடிக்கத்தான் உங்க மச்சினன் இருக்காரே."

அத்தானோடு பேச்சுவார்த்தை இல்லாத நல்லதம்பி வாயைத் திறந்தார். "நான் பிடிக்கேன் அத்தான். நீங்க இறங்குங்க" என்று கையை வேறு நீட்டினார். குத்தகைக்காரர் மச்சினன் முகத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், கடுக்காய் மூட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும், இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். முதலில் சிரித்தது பேச்சிதான். அப்புறம் சடையன். எங்கள் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

சடையன் இடுப்புத் துணியைத் தளர்த்திவிட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். விஷயம் அவ்வளவில் முடிந்தது.

இறங்கும்போது குத்தகைக்காரர் என் பக்கத்தில் வந்து நடந்தார். மனது தாங்கவில்லை அவருக்கு. "நீங்களே சொல்லுங்கம்மா. நான் அவிகள இளக்காரமாவா பேசுனேன்? பயம் இல்லாதவுகன்னுதான சொன்னேன்? இத ஒரு ராசாவப் பாத்துச் சொன்னா சந்தோசப்பட மாட்டாரா?"

நியாயமான கேள்வி. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "ராஜாவைச் சொன்னா, சண்டைக்குப் போறதா வேண்டாமான்னு ராஜாவே தீர்மானிப்பார். இவரைச் சொன்னா, இறங்கணுமா வேண்டாமான்னு நீங்க தீர்மானிக்கிறீங்க. அதனால இது இளக்காரம்தான்."

"மனசுல நான் அப்பிடி நெனைக்கலயே."

"நினைக்கலைன்னு எனக்கும் தெரியுது. நீங்க என்ன நினைச்சாலும் அவர் விழுந்திருந்தா விழுந்ததுதானே."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "காய்ச்சல்காரனுக்கு உங்க ஐயா எதும் மருந்து வச்சிருக்காகளா?" என்று மட்டும் கேட்டார். இந்த மனிதரை நான் நல்லவர் என்று சொன்னதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. சொன்ன வாக்கியம் மட்டும் கெட்டதுதான். நல்லவர் வாயிலிருந்து வந்தது என்பதற்காக அதை நல்ல வாக்கியம் என்று நான் எழுத முடியாது.

மலையடியில் பளியர் குடிசைகள் ஏழெட்டு. பேச்சியின் அண்ணன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். எங்கள் வீட்டுக்காரர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, பையிலிருந்து கொயினாப் பொடி பொட்டலங்கள் கொடுத்து, எப்படித் தின்ன வேண்டும் என்று பேச்சிக்கு இரண்டு முறை சொன்னார். அந்த நேரத்தில் நான் சடையனிடம் கேட்டேன்.

"ஈ கொட்டாதா உங்களை?"

"கொட்டும்."

"வலிக்காதா?"

"ஏன் வலிக்காது?" என்று காதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பழைய வீக்கம் ஒன்று காய்த்துப் போயிருந்தது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை நிமிஷம் பிடித்தது. இத்தனை வருஷக் குத்தகையில் அந்த அரை நிமிஷத்தை ஒருவரும் செலவழிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் சாத்தூர் திரும்பும்போது மீரான் ராவுத்தரிடம் இந்தக் கதையைச் சொல்லி, என் தீர்ப்பையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாட்டை அதட்டிவிட்டு, "நல்ல பேருதானம்மா, இருந்துட்டுப் போட்டுமே. எங்க ராவுத்தமாரப் பத்திச் சொல்லுதவுக அதுகூடச் சொல்ல மாட்டாக" என்றார். வழியெல்லாம் அவரோடு வாதாடினேன். சிவகாசி வந்தும் அவர் அசையவில்லை, நானும் அசையவில்லை. கெட்ட பேரைவிட நல்ல பேர் மேல் என்பது அவர் கட்சி. பேரே வேண்டாம், ஆளைக் கேளுங்கள் என்பது என் கட்சி. படிக்கிறவர்கள் உங்களுக்குப் பிடித்த கட்சியில் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் என் கட்சிதான் சரி.

இனி, போக நினைப்பவர்களுக்கு. சித்திரை, வைகாசி நல்ல காலம். மழை பிடித்துவிட்டால் பாறைப் பக்கம் போகாதீர்கள். மலையில் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கொயினாப் பொடி உங்களுக்கும் வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கும் வேண்டும், கூடுதலாகவே கொண்டுபோங்கள். முசாபரி பங்களாவில் முன்கூட்டிச் சொன்னால் இடம் கிடைக்கும், மூட்டைப்பூச்சி சொல்லாமலே கிடைக்கும். வழிகாட்டிக்குச் சடையனைக் கேளுங்கள். அவர் இன்றைக்கு வேண்டாம் என்றால் ஏன் என்று துருவாமல் திரும்பிவிடுங்கள். அவரே போகலாம் என்றாலும், பேச்சி முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பளியருக்குப் பயமே கிடையாது என்று ஊரில் உங்களிடமும் சொல்வார்கள், மிகுந்த அன்போடு சொல்வார்கள். குடிசையை விட்டுப் புறப்படும்போது, இந்தப் பிரயாணத்தைப் பற்றி எழுதப்போகிறேன், உங்களைப் பற்றி என்ன எழுதட்டும் என்று நான் கேட்டேன். சடையன் வழக்கம்போலச் சிரித்தார். பேச்சி அண்ணனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"பயம் உண்டுன்னு எழுதுங்கம்மா. அவருக்கு இல்லாட்டியும் எனக்கு உண்டு" என்றாள்.

எழுதிவிட்டேன்.