நல்லவனை எடுத்து வைக்காத நாள்

செய்தி வந்தபோது நான் செங்கல்பட்டு ரயில் நிலைய வாசலில் ஓர் ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் பழைய ஆய்வக உதவியாளர் குமார். "மேடம், நம்ம பஷீர் பாய் பூட்டாரு மேடம். மாமல்லபுரத்துல, கடையிலயே. நெஞ்சு வலியாம்." ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறும்மா, எங்க போவணும்?" என்று மட்டும் கேட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு பஷீரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: என் வயதுக்காரர், மாணவர்களின் கோப்புகளெல்லாம் இருந்த லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடிய சர்வரைப் பார்த்துக்கொண்டவர். நான் ஆய்வகப் பொறுப்பாளர், வாய்த்துடுக்குக்காரி.

கர்னல் என்பது கணினி எழுந்ததும் முதலில் ஏறி, மற்ற எல்லாவற்றையும் ஏற்றிவிடும் நிரல். அது எழாவிட்டால் சர்வர் வெறும் பெட்டி. அந்தக் கணினிக்கு ஏற்றபடி புதிய கர்னலைத் தொகுத்து நிறுவுவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் பழையதைப் படியெடுத்து, தனிப் பெயர் கொடுத்து ஒதுக்கி வைப்பது பஷீரின் வழக்கம். அந்தப் பெயர் 'நல்லவன்'. "நல்லவன எட்த்து வெச்சிட்டுத்தான் புச்சு, மேடம். புச்சு மக்கர் பண்ணா அவன் வந்து காப்பாத்துவான்" என்பார். நாங்கள் விடுவோமா? "பாய், உங்க நல்லவன் சாப்பிட்டானா?" என்று தினமும் ஓட்டுவோம். அவரும் சிரிப்பார்.

புது நெட்வொர்க் கார்டுகள் வந்தன. பழைய கர்னலுக்கு அவற்றை அடையாளம் தெரியவில்லை. இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் ஒப்படைக்கும் வாரம் அது. "சீக்கிரம்யா, உயிரை வாங்காதீங்க" என்று அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்தியவள் நான். அன்றைக்கு அவர் நல்லவனை எடுத்து வைக்கவில்லை. நிறுவும்போது முந்தைய கர்னல் தானாகவே 'பழசு' என்று ஒதுங்கிக்கொள்ளும், அது போதும் என்று நினைத்துவிட்டார்.

முதல் முறை தொகுத்ததில் டிஸ்கைப் படிக்கும் பகுதி விடுபட்டுப்போய், சர்வர் பாதியில் நின்றது. பழசை வைத்து எழுப்பி, திருத்தி, மறுபடி தொகுத்து நிறுவினார். அங்கேதான் விழுந்தது அடி. இரண்டாவது நிறுவலில், முதலில் கெட்டுப்போன கர்னல் 'பழசு' இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. நிஜமான பழசு அழிந்தது. இரண்டாவதும் எழவில்லை. "போச்சு மேடம்" என்றார், அவ்வளவுதான். ஊரப்பாக்கத்து நண்பரிடமிருந்து லினக்ஸ் குறுந்தகடு வாங்கி வந்து அவர் சர்வரை எழுப்புவதற்குள் ஒப்படைப்பு நாள் தாண்டிவிட்டது. ஒரு கோப்பும் கெடவில்லை. ஆனால் பெற்றோர்கள் கல்லூரி வாசலில் கத்தினார்கள்.

நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஹார்டு டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிடுங்க பாய், யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"டிஸ்க் நல்லா கீது மேடம். அது மேல இன்னாத்துக்குப் பழி?"

சொன்னதோடு நிற்கவில்லை. இறுதியாண்டு வகுப்பு ஒவ்வொன்றுக்கும் போய், கரும்பலகைக்கு முன்னால் நின்று, "நான் பழைய கர்னல எட்த்து வைக்கல. என் தப்பு. மன்ச்சிக்கோங்க" என்றார். ஒரு பையன் விசிலடித்தான். நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். எனக்குக் கூசியது. எங்கள் துறையின் மானத்தை வாங்குகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நிர்வாகக் கூட்டத்திலும் அதையே சொன்னார். "யாராவது அவசரப்படுத்தினாங்களா?" என்று தாளாளர் கேட்டார். பஷீர் தரையைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அந்த மாதத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களில் சிலர் இதை வாசிப்பீர்கள். அன்று யாரும் வாய் திறக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியவள் நான் மட்டும்தான்.

பிறகு மாமல்லபுரத்தில், வெளிநாட்டுப் பயணிகள் மின்னஞ்சல் பார்க்க வரும் சிறிய பிரவுசிங் சென்டர் ஒன்றை நடத்தினார். ஒருமுறை போனேன். "வாங்க மேடம், நாஸ்தா ஆச்சா?" என்று தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழையது எதையும் பேசவில்லை. நானும் எடுக்கவில்லை, அப்பாடா என்றிருந்தது. சே, என்ன பிறவி நான்!

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்க வீட்டு வாசலில் வந்த கூட்டத்தில் அந்த இறுதியாண்டுப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் இப்போது பெரிய வேலைகளில். விசிலடித்தவன் உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். என்னை ஒருவனுக்கும் அடையாளம் தெரியவில்லை.

உள்ளே பெண்களோடு அமர்ந்திருந்த அவர் மனைவி மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலேஜுல எல்லாரும் தங்கமானவங்கன்னு சொல்வாரு மேடம். வேலைய ஏன் வுட்டாருன்னு மட்டும் கடைசி வரிக்கும் சொல்லல. ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும் என்றேன். பஷீர் அந்த வகுப்புகளில் சொன்னதைப் போலவே சாக்கு எதுவும் சேர்க்காமல், முதலில் நான் அவசரப்படுத்தியதைச் சொன்னேன், பிறகு கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அந்தப் பேச்சு முறை ஒன்றுதான்.

மும்தாஜ் என் கையை விட்டார்.