கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டிய கார்

வண்டியை ஓட வைக்கிற மெக்கானிக்குக்குக் கும்பிடு போடுவார்கள். நிற்க வைக்கிற மெக்கானிக்கை, வண்டி நிற்காத அன்றைக்குத்தான் தேடுவார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் பிரேக் வேலைக்கென்றே கடை வைத்திருக்கிறேன். பழைய சாமானை நம்பி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

அந்தப் பாட்டிலும் நினைத்தால் இனிக்கிற சில வருஷங்கள் உண்டு. ஏலாக்குறிச்சிப் பக்கம் அறிவியல் வாத்தியாராக இருந்த சேவியர் சார், ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, ஓட்டுகிற சீட்டைத் தவிர உள்ளே இருந்த மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு, கோயம்புத்தூரில் நடக்கும் அமெச்சூர் பந்தயங்களுக்குக் கொண்டுபோன வருஷங்கள். எஞ்சினை அவரே பார்த்துக்கொள்வார். பிரேக் என் பொறுப்பு. அதிலும் முக்கியமாகக் காலிப்பர். சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற இரும்புப் பிடிக்குத்தான் அந்தப் பெயர். பந்தயத்துக்கென்றே செய்த காலிப்பரின் விலையைப் போனில் கேட்டதும் சார், அந்தக் காசுக்கு இன்னொரு காரே வாங்கலாமே என்று போனை வைத்துவிட்டார்.

டீச்சர் போட்ட கோடு

சாரின் மனைவி ஸ்டெல்லா டீச்சர். அவருடைய அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். திருமானூர் போகிற வழியில் பிரேக் பிடிக்காமல் போய் இறந்துவிட்டார். அதனால் பந்தயப் பேச்சு வந்ததும் டீச்சர் சண்டை போடவில்லை, நிபந்தனை போட்டார். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் ஆலத்தியூர்ப் பக்கம் வேலை நின்றுபோன சுரங்கத்துக்குப் போகிற ரோட்டில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுவார். சார் வேகமாக வந்து, கோட்டைத் தொடாமல் நிறுத்த வேண்டும். ஒரு தடவை தாண்டினாலும் காரை விற்றுவிட வேண்டும்.

முதல் சோதனை அன்று கோடு போட்டவர் ஓரமாகப் போகவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம், நடுரோட்டிலேயே நின்றுகொண்டார். தள்ளி வாருங்கள் என்று கெஞ்சினேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் சொன்னார்:

"நான் நடுவுல நின்னாத்தாண்ணே அவரு காலு ஒழுங்கா மிதிக்கும்."

காதர் பாய் கொடுத்த கேரண்டி

அன்றைக்குக் கார் நின்றது. ஆனால் திரும்பத் திரும்ப மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்தது. சின்னக் காருக்குப் பெரிய காரின் காலிப்பரைப் பொருத்தினால் தாங்கும் என்று முடிவு செய்து, பெரம்பலூர் பைபாஸ் பக்கம் காதர் பாயின் பழைய இரும்புக் கடைக்கு அலைய ஆரம்பித்தோம். ஹைவேயில் அடிபட்ட கார்கள் கடைசியாக வந்து சேரும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சார் வெள்ளைச் சட்டையோடு வந்துவிடுவார். ஒவ்வொரு காருக்கு அடியிலும் புகுந்து, டார்ச் அடித்துப் பார்த்து, வெளியே வந்து பாய் வாங்கித் தரும் டீயைக் குடிப்போம். எத்தனையோ பெரிய கடைகளில் சாமான் வாங்கியிருக்கிறேன். அந்த வெயிலில் கிடைத்த சந்தோஷம் எங்கேயும் கிடைத்ததில்லை.

ஒருநாள் தேடியது கிடைத்தது. கூரை நசுங்கி அப்பளமாகியிருந்த ஒரு பெரிய காரில் முன் சக்கரங்களும் காலிப்பர்களும் மட்டும் அப்படியே இருந்தன. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நம்பி வாங்கலாமா பாய் என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"மாஷா அல்லா, புதுசாட்டம் இருக்குங்க. இதை மிதிச்சிருந்தா இந்த வண்டி ஏங்க நம்ம கடைக்கு வருது?"

பஞ்சர் கடையில் பாய்ந்தது

வாங்குவது பாதி வேலைதான். எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் சுண்ணாம்புத் தூள் இருக்கும். அது காலிப்பரின் ரப்பருக்குள் புகுந்து, உள்ளே இருக்கிற பிஸ்டனை ஜாம் ஆக்கிவிடும். கழற்றி, துடைத்து, புது ரப்பர் போட்டால்தான் மறுபடி நகரும். ஜாம் ஆன பிஸ்டனை வெளியே தள்ளக் காற்றழுத்தம் வேண்டும். ஒருநாள் என் கம்ப்ரசர் பழுதாகிவிட, பக்கத்துப் பஞ்சர் கடை ஆறுமுகத்திடம் காலிப்பரை எடுத்துப் போனோம்.

பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டை வைத்துக்கொண்டுதான் காற்று விட வேண்டும். கட்டையைத் தேடி நான் என் கடைக்குப் போனேன். அதற்குள் ஆறுமுகம், மெதுவாகத்தானே விடப் போகிறேன் என்று குழாயை வைத்து அழுத்திவிட்டார். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டாகப் பாய்ந்து, ட்யூப் முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. நான் திரும்பி வந்தபோது ஆறுமுகம் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, குழாயை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசமா காத்து புடிக்கிறேன், ஒரு டயருகூட என்னைத் திருப்பி அடிச்சதில்லீங்க."

டிப்பர் டிரைவர்

அந்தக் காலிப்பர்களை நாங்கள் பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்ததை, கல் ஏற்றுகிற டிப்பர் டிரைவர் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்தார். அவர் முதலாளி பிரேக் வேலைக்கு வண்டியை விடுவதே அபூர்வம்.

"எங்க வண்டிக்கு இதுல கால்வாசி பாத்தீங்கன்னா, சுரங்கத்துல இறங்கறப்ப நான் இத்தனை சாமிய கூப்புட மாட்டேங்க."

சிவப்புப் பெயிண்ட்

பந்தயக் கார் என்றால் காலிப்பர் சிவப்பாக இருக்க வேண்டும் என்று சாருக்கு ஓர் ஆசை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெயிண்ட் அடித்து, அவரே காரிலும் பூட்டிக் கொண்டுவந்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. குழாயில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். காலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து, ஒருவர் பெடலை மிதிக்க மிதிக்கக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தோம், எடுத்தோம், பிரேக் ஆயில் டப்பா காலியானதே தவிரப் பெடல் இறுகவில்லை. சாயங்காலம் சோதனை. டீச்சர் ரோட்டில் கோடு போட்டு முடித்துவிட்டதாகப் போனே வந்துவிட்டது. இந்தப் பெடலோடு போனால் கார் கோட்டில் நிற்காது, டீச்சர் மேல்தான் நிற்கும். இன்றோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சார் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். இடது, வலது என்று நான் ஆணியால் கீறி வைத்திருந்த அடையாளம் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தார். மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே இருந்தது, காற்று மேலேயே நிம்மதியாகத் தங்கிவிட்டது. மாற்றிப் பூட்டியதும் பெடல் கல் மாதிரி இறுகியது. சுரங்க ரோட்டுக்குப் போகிற வழியெல்லாம் சார் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்:

"செல்வம், காத்து மேலதான் போவும்னு இந்த வாரம்தான் பசங்களுக்குப் பாடம் எடுத்தேன்."

கோயம்புத்தூரில் டீச்சர்

அன்று சாயங்காலமும் கார் கோட்டைத் தொடாமல் நின்றது. அடுத்து வந்த பந்தயத்துக்கு டீச்சரும் வந்தார், முதல் தடவையாக. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். சார் நன்றாகவே ஓட்டினார், முன்னால் இருந்த இரண்டு பேரை நெருங்கிவிட்டார். ஒரு வளைவில் முதல் கார் சறுக்கிச் சுழன்று, குறுக்கே நின்றுவிட்டது. இரண்டாவது கார் போய் மோதியது. மூன்றாவது சார். டயர் கிறீச்சிட்டது, புகை வந்தது. மோதிய காரின் கதவுக்கு ஒரு முழம் முன்னால் எங்கள் கார் நின்றது. எஞ்சின் அணைந்து, மறுபடி கிளம்புவதற்குள் மற்றவர்கள் எல்லாரும் ஒதுங்கித் தாண்டிப் போய்விட்டார்கள். ஓட்டி முடித்தவர்களில் சார் கடைசியாக வந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு அலைந்தும் கடைசி இடமா என்று டீச்சரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் வேலியிலிருந்து கையை எடுக்கவில்லை. கார் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா லாரி ஓட்டுனப்ப நீங்க ஏண்ணே கடை போடல?"

காரை விற்றுப் பல வருஷமாகிவிட்டது, கோப்பை வைக்கவென்று சார் ஆசையாக வாங்கிய கண்ணாடி அலமாரியில் டீச்சரின் எவர்சில்வர் டம்ளர்கள்தான் இருக்கின்றன, அவற்றைத் துடைத்து அடுக்குவதற்குச் சார் இருக்கிறார்.