அழக் கூடாத நேரம்

இது நடந்தது. அந்த அறை இன்னும் இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருந்தவளும் இருக்கிறாள். நம்பாதவர்கள் நேமத்தான்பட்டிக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

போன பிப்ரவரி. ஓட்டலாக மாற்றிய பழைய செட்டியார் வீடு. அறைகளைச் சுத்தம் செய்பவள் துர்காதேவி. மாடியில் தங்கியிருந்த அயர்லாந்துக்காரர் பிரெண்டன் காலை 11.20க்கு மாரடைப்பில் இறந்துபோனார். டாக்டர் வந்து உறுதி செய்துவிட்டுப் போனார்.

அவர் மனைவி நோரா அழவில்லை. சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினார். கண்ணாடியைத் துணியால் மூடினார். உயிர் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைத்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்படும்போது துர்காவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். கூடப் போகவிருந்த மேனேஜர் முத்துக்கண்ணன் அதைத் தமிழில் சொன்னார்.

"நாங்க வர்ற வரைக்கும் அவரைத் தனியா விடக் கூடாதாம். இன்னொண்ணு... குளிப்பாட்டி உடுத்தி முடிக்கிற வரைக்கும் யாரும் அழுதுறக் கூடாதாம். அவுக ஊரு வழக்கம்."

"அழுதா?"

"நாய் வருமாம். உசிரைப் பிடிக்க."

துர்காவுக்கு விசித்திரமாக இருந்தது. இங்கெல்லாம் உயிர் போனதுமே ஒப்பாரி எழுந்துவிடும். இருந்தாலும் தலையாட்டினாள். கார் போனதும் கதவை உள்ளே தாழிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

பிற்பகல் 2.10. இவருக்கும் ஐயா வயதுதான் இருக்கும் என்று நினைத்தாள். அதற்கு முந்தின மாதம் அவளைப் பெற்ற ஐயா பெத்தன் இறந்தபோது, இதே மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஊர் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை.

அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"ஐயா..." என்று வாய்விட்டு அழுதாள்.

2.17.

கீழே முற்றத்தில்... டக். டக். டக். தரையில் நகம் படும் சத்தம். படியேறி வந்தது.

அழுகை நின்றுபோனது.

ஒன்றல்ல. இரண்டு... மூன்று.

"யாரு?"



கதவுக்கு அடியில் மூச்சு. மோப்பம் பிடிக்கிற மூச்சு.

பிறகு அதே மூச்சு...

கட்டிலுக்கு அடியில்.

ஓடியிருக்கலாம். தனியாக விடக் கூடாது என்றார்களே. பிரெண்டனின் சில்லிட்ட கையைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.

கை நழுவியது.

இறுக்கிப் பிடித்தாள்.

மறுபடி நழுவியது...

விடவில்லை.

2.40க்கு வாசலில் கார் சத்தம். எல்லாம் அடங்கியது. கட்டிலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. அழுததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து மதுரையிலிருந்து போன் வந்தது. உடலை விமானத்தில் அனுப்பத் தயார் செய்தவர்கள். பேசி முடித்த முத்துக்கண்ணன் அவளைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கி ரூமுக்குள்ள நாய் எதும் வந்துச்சா துர்கா?"

"இல்லையே... கதவை உள்ள தாப்பாப் போட்டிருந்தேனே. ஏன்?"

"ரெண்டு காலுலயும் பல்லுத் தடமாம். உசிரு போன பெறகு பட்டதாம்."

கொஞ்சம் தயங்கினார்.

"கடிச்ச மாதிரி இல்லையாம்... கவ்வி இழுத்த மாதிரி இருக்காம்."