மாமாவின் முதுகுக்குப் பின்னால்

எங்கள் வீட்டில் கச்சேரிக்குக் குடும்பத்தோடுதான் கிளம்புவோம். அம்மா பாடுவார், அப்பா பேஸ் கிட்டார், அம்மாவின் அண்ணனான பெரிய மாமா டிரம்ஸ். எனக்கு இசை வராது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் பொறுப்பு மட்டும் எனக்கு.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது பெருந்துறையில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை பலகை அடித்துச் செய்தது, அடியில் வெற்றிடம். அப்பா தன் கிட்டாரின் சத்தம் வெளிவரும் பெட்டியான ஆம்ப்பை அதன்மேல் வைத்து முதல் பாட்டைத் தொடங்கியதுமே பலகை மொத்தமும் உறுமியது. என் கையிலிருந்த ரோஸ்மில்க் நடுங்கியது. அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

பாட்டு முடிந்ததும் பெண்ணின் தகப்பனார் மேடையருகே வந்தார். கோபத்தைக்கூட உபசரிப்பதுபோலச் சொல்கிற மனிதர்.

"ஏனுங்க, அந்தக் குண்டுச் சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க. எங்கய்யனுக்கு நெஞ்செல்லாம் அதிருதுங்களாமா. இல்லீன்னா கச்சேரிய நிறுத்திப்போடலாமுங்க."

அப்பா குறைத்தார். அடுத்த பாட்டில் மாமாவின் தாளம் நழுவியது. முதலில் லேசாக, பிறகு ஒரேயடியாக. அம்மா சரணத்தைத் தொடங்கியபோது மாமா இன்னும் இடையிசையிலேயே இருந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அப்பா உடனே சத்தத்தைக் கூட்டினார். எனக்கு அப்பாமேல்தான் கோபம் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கவேண்டும் என்று தினமும் எனக்குச் சொல்கிறவர் அவர்தானே.

மைக்செட்காரர் ஓடிவந்தார். "அண்ணா, சனத்துக்கு நான் ஸ்பீக்கர் பெட்டியில தனியா உட்டுக்கறேன். நீங்க கொறைங்க."

"சனத்துக்கு இல்லீங்க தம்பி. தாளம் போடறவருக்குக் கேக்கோணுமில்லீங்க," என்றார் அப்பா.

பந்தியிலிருந்து ஒரு ஸ்டூலை வாங்கிவந்தார். அதன்மேல் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, ஆம்ப்பைத் தூக்கி வைத்தார். பலகையின் உறுமல் நின்றது. ஸ்டூலை மாமாவின் முதுகை ஒட்டினாற்போல நகர்த்தி, சத்தத்தைப் பாதியளவுக்கும் கீழே இறக்கினார். ஒரு கம்பியைச் சுண்டிவிட்டு, மாமாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "தெரியுதுங்களா மச்சான்?" என்றார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடித் தலையாட்டினார்.

அதன்பிறகு ஒரு அடிகூடப் பிசகவில்லை. அம்மாவின் குரல் கடைசி வரிசைவரை போனது. நெஞ்சு அதிர்ந்த பெரியவர் நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

பந்தியில் பெண்ணின் தகப்பனார் மாமாவிடம் வந்து, "தாளம் அருமைங்க," என்றார்.

"போதுமுங்க, வயிறு ரொம்பிப்போச்சு," என்றார் மாமா.

நான் பாயசம் மூக்கில் ஏறுமளவு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பா எழுந்துபோய் மாமாவின் மறுபக்கம் உட்கார்ந்து, காதருகே அந்தப் பாராட்டைத் திரும்பச் சொன்னார்.

மாமாவுக்குக் காது போய்க்கொண்டிருந்ததும், தாளத்தை அவர் முதுகால் வாங்கிக்கொண்டிருந்ததும், அதை அப்பாவும் அம்மாவும் வெளியே விடாமல் காத்துவந்ததும் எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் ஆயின. அன்று வேனில் திரும்பும்போது, மாமாவுக்கு எப்போதும் சாப்பாட்டு நினைப்புதான் என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

"ஆமாங் கண்ணு," என்று முதல் ஆளாக ஒத்துக்கொண்டவர் அப்பாதான்.