எழுந்து நின்றதால் வந்த பதவி

பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருப்பது சம்பளம் இல்லாத வேலை. அதனால் நம்மை வேலையை விட்டுத் தூக்கவும் மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் இதற்கு ‘சைட் கவுன்சில்’ என்று பெயர். பிரின்சிபல், ஆசிரியர்கள், ஆபீஸ் ஊழியர் ஒரு பக்கம், பெற்றோர்கள் மறுபக்கம். பள்ளிக்கு வரும் கூடுதல் நிதியை எதில் போடுவது, எந்தப் பிள்ளைகளுக்கு என்ன உதவி தேவை என்று மாதா மாதம் கூடிப் பேசி ஓட்டுப் போட வேண்டும். கேட்பதற்குக் கௌரவமாகத்தான் இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த நாற்காலியில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தால்தான் முட்டி என்ன பாடு படும் என்று தெரியும். அப்படி உட்கார்ந்தவர்களும் இனிமேல் உட்காரப் போகிறவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கை தூக்காமல் கிடைத்தது

நான் கரூர்க்காரன். மில்பிடாஸில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மகள் தாரிணி அப்போது இரண்டாம் வகுப்பு. குழுவுக்குப் பெற்றோர் தேவை என்று பள்ளியிலிருந்து ஈமெயில் மேல் ஈமெயிலாக வந்துகொண்டிருந்தது. “பாவம், கேட்டுக்கிட்டே இருக்காங்க. போய்ப் பின்னாடி உக்காந்துட்டு வாங்களேன்” என்று என் மனைவி கவிதாதான் தள்ளிவிட்டாள். போட்டிக்கு ஆளே இல்லாததால் தேர்தலில் அமோக வெற்றி பெற்றேன்.

முதல் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. பிரின்சிபல் மிஸஸ் ஹாரிசன் வரக் கொஞ்சம் தாமதம். ஆபீஸ் மேனேஜர் டெனீஸ்தான் கூட்டத்தை ஆரம்பித்தார். பழைய தலைவர் டெக்சாஸுக்கு வீடு மாறிப் போய்விட்டாராம். “தலைவராக இருக்க யாருக்கு விருப்பம்?” என்று கேட்டார். எல்லோரும் அவரவர் போனை உற்றுப் பார்த்தோம். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு, கையில் காபியோடு பிரின்சிபல் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

இதில் என் தவறு ஒன்றுமில்லை. நான் படித்த பள்ளியில் ஹெட்மாஸ்டர் வராந்தாவின் அந்தக் கோடியில் வந்தாலே வகுப்பு மொத்தமும் எழுந்து நிற்கும். இத்தனை வருஷ அமெரிக்க வாசத்தில் நாக்கு மாறிவிட்டது, கால் மாறவில்லை. ஆனால் அறையில் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். நான் உட்காருவதற்குள் டெனீஸ் என் பெயரை எழுதி முடித்துவிட்டு, உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார்: “இந்த வேலைக்கு இதுவரை யாரும் கைகூடத் தூக்கினதில்லை. நீங்கள் எழுந்தே நின்றுவிட்டீர்கள்!”

யார் முகத்தைப் பார்ப்பது

தலைவராக நான் நடத்திய முதல் கூட்டம் மளமளவென்று நகர்ந்தது. ரகசியம் இதுதான்: எந்த விஷயம் வந்தாலும் முதலில் பிரின்சிபல் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலை லேசாக அசைந்தால் “சரி, அடுத்தது” என்று போய்விடுவேன். விளையாட்டு மைதானத்துக்கு நிழற்கூரை போடலாம் என்று மிஸஸ் ஹாரிசன் சொன்னபோதும் அப்படித்தான் போகப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியர் மிஸ்டர் கோமெஸ் விடவில்லை. “எனக்கு இதில் சம்மதமில்லை. சயின்ஸ் பாடத்துக்கு ஒரு மைக்ராஸ்கோப்கூட இல்லாமல் நான் பாடம் நடத்துகிறேன்” என்றார், பிரின்சிபலின் முகத்துக்கு நேராகவே.

எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் ஊரில் ஹெட்மாஸ்டரிடம் இப்படிப் பேசுகிற வாத்தியார் சீக்கிரமே வேறு ஊரில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். “மேடம் சொல்றதையே செய்துடலாமே” என்று சமாதானம் பேசினேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஓட்டெடுப்பில் மைக்ராஸ்கோப் ஜெயித்தது, நிழற்கூரை தோற்றது. தோற்ற பிரின்சிபல் குக்கீ டப்பாவைத் திறந்து முதல் குக்கீயை மிஸ்டர் கோமெஸுக்குத்தான் நீட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “செந்தில், இந்த அறையில் எனக்கும் ஒரு ஓட்டுதான். அடுத்த தடவை என் முகத்தைப் பார்க்காதீர்கள், மற்றவர்கள் முகத்தைப் பாருங்கள்.”

கறிவேப்பிலைப் பக்கம் ஒரு பொதுக்குழு

மற்றவர்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கியதும்தான் வினை ஆரம்பித்தது. சனிக்கிழமை இந்தியக் கடைக்குப் போனால் கறிவேப்பிலை இருக்கும் இடத்தில் என்னை மடக்கிவிடுவார்கள். பொள்ளாச்சிக்காரப் பெண் சுமதி, தாரிணியின் வகுப்பில் படிக்கும் அனுவின் அம்மா, இந்த விஷயத்தில் முன்னணி. ஹோம்வொர்க் போதவில்லை, கணக்கு ரொம்ப ஈஸியாக இருக்கிறது, வாய்ப்பாடு ஏன் சொல்லித் தருவதில்லை என்று சரமாரியாக வரும். எல்லாமே நியாயமான கேள்விகள். “அடுத்த கூட்டத்துக்கு வாங்க, நீங்களே நேர்ல கேளுங்க” என்பேன். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும். ஒருவருக்கு அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும், இன்னொருவருக்குக் குழந்தையின் ஸ்விம்மிங் கிளாஸ் ஞாபகம் வரும். சுமதி மட்டும் கறிவேப்பிலையைப் பையில் போட்டுக்கொண்டே நின்று பதில் சொல்வார்: “நாங்க வந்து என்னங்ணா பேசறது? டீச்சருங்க முன்னாடி போய்க் குறை சொல்ல முடியுங்களா? நீங்களே பாத்துச் சொல்லீருங்.”

ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் அறை

ஒன்றை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். தாரிணிக்கு வாசிக்க வரவில்லை. அவள் வயதுப் பிள்ளைகள் தடித்தடிப் புத்தகங்களோடு திரிந்தபோது இவள் படத்தைப் பார்த்துக் கதையைச் சொந்தமாகச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். நாங்களும் சமாளித்துக்கொண்டிருந்தோம். தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் யாராவது இவள் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்களோ என்று கவிதாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பள்ளி ஆபீஸுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அங்கேதான் மிஸ் லிண்டா இருப்பார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராகக் கூட்டி வைத்துச் சொல்லித் தருவது அவர் வேலை. நரைத்த தலை, சத்தமில்லாத குரல். தாரிணியை அவரிடம் அனுப்பச் சம்மதமா என்று பள்ளியில் கேட்டபோது எங்களுக்கு அவமானமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். ஆனால் தாரிணி அந்த அறைக்கு ஓடினாள். தப்பாக வாசித்தால் மிஸ் லிண்டா திருத்த மாட்டாராம், “இந்த வாக்கியம் உனக்குச் சரியாகப் படுகிறதா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாராம். வீட்டில் எங்களால் முடியாத காரியம் அந்தக் காத்திருப்புதான்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஒரு நாள் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டுப் பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்தேன். பின் சீட்டில் முனகல் கேட்டது. எழுத்து எழுத்தாகச் சேர்த்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். கேட்காமல், சொல்லித்தராமல், அவளாக வாசித்த முதல் வாக்கியம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் சொன்னது இது: “அப்பா, தட் சைன் சேஸ் நோ லெஃப்ட் டர்ன். யூ ஜஸ்ட் டர்ன்ட் லெஃப்ட்.”

மைக்ராஸ்கோப் போன வழி

லீவு முடிந்து பள்ளி திறந்ததும் இடி விழுந்தது. ஊர்ப் பள்ளிகளையெல்லாம் நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்டிரிக்டில் நிதி குறைகிறது, அடுத்த வருஷம் மிஸ் லிண்டாவின் வேலை இருக்காது என்று மிஸஸ் ஹாரிசன் கூட்டத்தில் சொன்னார். தாரிணி அப்போதுதான் பலகைகளைத் தாண்டிப் பக்கங்களுக்கு வந்திருந்தாள். பாதி வழியில் கையை விட்டால் அவள் மறுபடி படம் பார்த்துக் கதை சொல்லப் போய்விடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தலைவர் என்பதையெல்லாம் மறந்து, “என் பொண்ணு அங்கதான் படிக்கிறா” என்று முதல்முறையாக வெளியே சொன்னேன்.

யாரும் என்னை வினோதமாகப் பார்க்கவில்லை. பாதிச் செலவை நம் குழு ஏற்றுக்கொண்டால் மீதியை டிஸ்டிரிக்ட் போர்டில் போய்க் கேட்கலாம் என்றார் டெனீஸ். அந்தப் பாதிக்கு எங்கே போவது? எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போனது. வாங்கப்போகிற மைக்ராஸ்கோப்கள். மிஸ்டர் கோமெஸ் அவற்றுக்காக மூன்றாம் வகுப்பில் அலமாரியைக்கூடக் காலி பண்ணி வைத்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் குனிந்துகொண்டேன். அவரே கை தூக்கிச் சொன்னார்: “எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை எழுதிவைக்கவும் வாசிக்கவும் பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டாமா?”

அந்த மனுஷருக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. சொல்லலாம் என்று போனால் சயின்ஸ் லேபைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

வருவேன், ஆனால் பேச மாட்டேன்

போர்டு கூட்டத்துக்குப் பெற்றோர்கள் வந்து மைக்கில் பேசினால்தான் காரியம் நடக்கும் என்றார்கள். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கும்பிடும் கைகளாக நிறைய வந்தன. ஆள் யாரும் வரவில்லை. “எங்கள் பிள்ளை அந்த அறைக்குப் போகிறது” என்று எழுத யாருக்கும் மனசில்லை. போன மாதம் வரை எனக்கே இல்லையே. என் மகளும் அங்கேதான் படிக்கிறாள் என்று நானே முதலில் போட்டேன். அன்று மாலை 680 ஹைவேயில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தபோது சுமதியிடமிருந்து போன். ஹோம்வொர்க் போதவில்லை என்று என்னை மாதக்கணக்கில் துரத்திய அதே சுமதி. கொஞ்ச நேரம் அழுதார், பிறகு சொன்னார்: “எங்க அனுவும் அங்கதானுங்ணா போறா. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்தர்றேன். மைக் முன்னாடி மட்டும் என்னைய நிக்கச் சொல்லாதீங்.”

போர்டு கூட்டம்

சுமதி யார் யாருக்குப் போன் பண்ணினாரோ தெரியாது. நான் போனபோது ஹாலின் பின்வரிசைகள் நிறைந்திருந்தன. தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இரண்டு மூன்று சீனக் குடும்பங்கள். எல்லோரும் கல்யாண வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர்கள் மாதிரி கைகட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது. மைக்கில் தாரிணியைப் பற்றிச் சொன்னேன், இடது பக்கம் திரும்பக் கூடாத பலகையைப் பற்றியும் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். “வேறு யாராவது?” என்று போர்டு தலைவர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. “ஒரே ஒரு பெற்றோர்தான் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்” என்றார் ஓர் உறுப்பினர். அடுத்த விஷயத்துக்குப் போகத் தாளைப் புரட்டினார்கள். சுமதி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது பின்கதவு திறந்தது. மழையில் நனைந்த கோட்டோடு மிஸ் லிண்டா உள்ளே வந்தார். பள்ளி முடிந்த பிறகும் யாருக்கோ சொல்லிக்கொடுத்துவிட்டுத் தாமதமாக வந்திருக்கிறார். என் கால் எழுந்துவிட்டது. பக்கத்தில் சுமதி எழுந்தார், அவர் கணவர் எழுந்தார், அப்புறம் ஒரு வரிசை, அடுத்த வரிசை. நாற்காலிகள் மடங்கும் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. டீச்சர் வந்தார், நின்றோம், அவ்வளவுதான். சீனக் குடும்பங்களும் நின்றன. அவர்கள் ஊரிலும் இதே பழக்கமாம், பிறகு சொன்னார்கள். போர்டு தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நீங்கள் எல்லோரும் இதற்காகவா வந்தீர்கள்?” என்று கேட்டார். ஆமாம் என்று எல்லாத் தலைகளும் ஆடின.

மிஸ் லிண்டா வாசலிலேயே உறைந்து நின்றுவிட்டார். அவர் நிற்பதால் இவர்களும் நின்றார்கள். போர்டு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், தமக்குள் என்னவோ பேசுகிறார்கள், ஹால் நின்றுகொண்டே இருக்கிறது. நான் வாசலுக்குப் போய் அவர் காதில், “நீங்கள் உட்காரச் சொல்லும்வரை இவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் பழக்கம் அப்படி” என்றேன். மிஸ் லிண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் நடக்கும் பேச்சை ஒருமுறை பார்த்தார். பிறகு, என் மகளிடம் பேசும் அதே சத்தமில்லாத குரலில் சொன்னார்: “அப்படியானால் ஓட்டுப் போட்டு முடிக்கட்டும், அதுவரைக்கும் நிற்கட்டும்.”

மிஸ் லிண்டா இப்போதும் ஆபீஸுக்குப் பின்னால் அதே அறையில்தான் இருக்கிறார், தாரிணி பின் சீட்டிலிருந்து நான் கார் ஓட்டுவதை வரிக்கு வரி வாசித்துத் திருத்திக்கொண்டிருக்கிறாள், ஆகவே இந்தக் குழுவில் புதிதாகச் சேரும் நம்மவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இதுதான்: பிரின்சிபல் வரும்போது மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள், டீச்சர் வரும்போது மட்டும் காலை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.