படம் எப்படிக்கா இருந்துச்சு?

தோணிரேவு ஜமுனா பதினேழு வயதில் கோட்டைக்குப்பத்து உதயகுமாரோடு ஓடிப்போனவள். அவள் வீட்டில் ஏரித் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். உதயகுமார் வீட்டில் படகேறிக் கடலுக்குப் போவார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெண் கொடுப்பதும் கிடையாது, எடுப்பதும் கிடையாது. அனுப்பம்பட்டில் ரயிலேறிப் போய், எங்கோ ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வந்தார்கள். வெட்டுவேன் குத்துவேன் என்றவர்கள் மெல்ல ஓய்ந்தார்கள். கோட்டைக்குப்பத்தின் கடைசியில் ஒரு வீடு போட்டுக்கொண்டு, உதயகுமார் கடலுக்கும் ஜமுனா ஏரிக்கும் போய் வந்தார்கள். நந்தினி என்று ஒரு மகள் பிறந்தாள்.

இறால் பிடிக்கும்போது ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருக்கும். தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் வாயைத் திறக்க முடியாது. அதனாலோ என்னவோ, கரையேறிவிட்டால் ஜமுனா நிறையப் பேசுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை சினிமா. அடுத்த வீட்டு அமுதவல்லியோடு பொன்னேரி தியேட்டருக்குப் போவாள். சண்டைப் படம் பிடிக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதல் படம் என்றால் எல்லா வேலையையும் போட்டுவிட்டுப் போவாள்.

அப்படி ஒரு படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதுதான் விக்கி அவள் முன்னால் மைக்கை நீட்டினான். மீஞ்சூர்ப் பையன். தியேட்டர் வாசலில் நின்று, படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டு யூடியூபில் போடுகிறவன். அவளுக்கு முன்னால் பேசிய காலேஜ் பிள்ளைகள், "செம ஃபீல் ப்ரோ", "ஃபர்ஸ்ட் லவ் ஞாபகம் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தார்கள்.

"படம் எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துது. பாட்டெல்லாம் நல்லா இருந்துது. ஆனா அந்தப் பொண்ணு வூட்ட வுட்டு ஓடறச்சே ஒரு பை எடுத்துக்கினு போவுது பாரு, அதுல இன்னா வெச்சிருக்குனு கடைசி வரிக்கும் காட்டவே இல்லயே."

"அது எதுக்குக்கா?"

"எதுக்கா? நான் ஓடறச்சே ரெண்டு தாவணியும் ஒரு பவுடர் டப்பாவும் எடுத்துக்கினு ஓடுனேன். பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்ட வூட்லயே வுட்டுட்டேன். எங்க நைனா அத அடுப்புல வெச்சிட்டாரு. அதோட முடிஞ்சுது. ஓடறது பெருசு இல்ல கண்ணு. இன்னாத்த எடுத்துக்கினு ஓடறதுனு எவனாச்சும் படம் எடுக்கட்டும்."

அமுதவல்லி பின்னால் நின்று சிரித்தாள். விக்கியும் சிரித்தான். அந்த வாரம் தமிழ்நாடே சிரித்தது என்று சொல்லலாம்.

விக்கி தேடிக்கொண்டு வந்துவிட்டான். டிக்கெட்டும் பிரியாணியும் அவன் செலவு. புதுப்படம் வந்தால் ஜமுனா பார்த்துவிட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான். இறாலக்கா என்று பெயர் வைத்ததும் அவன்தான். அவளுக்கு அது பிடித்தே இருந்தது. ஒரு படத்தில் நாயகன் வருஷக்கணக்காக ஒரு பெண்ணின் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போகிறான். "என் பொண்ணு பின்னால ஒருத்தன் இப்படி வந்தா பாட்டு வராது, நான்தான் வருவேன்" என்றாள். இன்னொன்று, பரீட்சையில் தோற்ற பையன் தனியாக மலைக்குப் போய் மனம் முதிர்ந்து திரும்பும் கதை. "ஆம்பளப் புள்ள வயசுக்கு வந்தா ஊர் சுத்திப் பாக்க அனுப்பறாங்கப்பா. எங்கள மூலையில இல்ல குந்த வெச்சாங்க" என்றாள். அதற்கும் நிறைய லைக் விழுந்தது.

அந்த வீடியோக்களுக்குக் கீழே வருகிற கருத்துகளை நந்தினி படித்துச் சொல்வாள். 'படத்த விட அக்கா சூப்பர்' என்பவற்றை மட்டும் படிப்பாள். நிறத்தைப் பற்றியும், மீன் நாற்றம் செல்போன் வரைக்கும் அடிக்கிறது என்றும் எழுதியவற்றைத் தாண்டிப் போய்விடுவாள். உதயகுமார் அதிகம் பேசாத ஆள். ஆனால் படகில் கூட வருகிறவர்களிடம் போனை நீட்டி, "என் வூட்டுக்காரி" என்று காட்டுவான்.

பிறகு அந்த த்ரில்லர் வந்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒரு பெண் காணாமல் போகிறாள். ஒரு நேர்மையான இன்ஸ்பெக்டர் தூங்காமல் சாப்பிடாமல் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். தியேட்டரில் பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

"எப்படிக்கா, த்ரில்லிங்கா இருந்துச்சா?" என்றான் விக்கி.

ஜமுனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணோட ஆத்தாக்காரி ஸ்டேஷனுக்குப் போறா. இன்ஸ்பெக்டர் சேர இழுத்துப் போட்டு உக்காருங்கம்மாங்கறாரு. எங்கள உக்காரச் சொல்லவே இல்லப்பா" என்றாள். "எனக்கு ஒரு தங்கச்சி. ருக்குனு பேரு. நான் ஓடுன மறு வருஷம், பதினாறு வயசுல, ஆந்திராப் பக்கம் இறால் உரிக்கிற கம்பெனிக்கு ஏஜெண்ட் கூட்டிக்கினு போனான். ஹாஸ்டல்ல இருந்தா. ஒரு பொங்கலுக்கு வந்தா. அடுத்ததுக்கு வரல. எங்க நைனா போய்க் கேட்டா, துணிமணி எடுத்துக்கினு எப்பவோ போயிட்டாளேங்கறாங்க. ஸ்டேஷன்ல இன்னா சொன்னாங்க தெரியுமா? பெரிய பொண்ணு ஓடுனவதானே, சின்னதும் ஓடிருக்கும், கைக்கொழந்தயோட தானே வரும், போனு சொன்னாங்க. ஊர்லயும் அதேதான். எவனும் தேடல. நான் ஓடாம இருந்திருந்தா அவளத் தேடியிருப்பாங்க." மைக்கை அவளே கையில் பிடித்துக்கொண்டாள். "யாராச்சும் பாத்திருந்தா சொல்லுங்கப்பா. எடது பொருவத்துல ஒரு வெட்டு இருக்கும்."

விக்கிக்கும் கண் கலங்கியது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய் அதற்கு சோக இசை சேர்த்தான். முகப்பில் ஜமுனா அழுகிற படத்தைப் போட்டு, 'இறாலக்கா தங்கச்சி எங்கே? உறைய வைக்கும் மர்மம்!' என்று தலைப்பும் வைத்தான்.

பார்த்தவர்கள் படத்துக்குச் சொல்வதைப் போலவே இதற்கும் கருத்துச் சொன்னார்கள். முதல் பாதி ஸ்லோ என்றான் ஒருவன். எல்லாம் ஸ்கிரிப்ட், அக்காவுக்கு அழ வரவில்லை என்றான் இன்னொருவன். ஓடிப்போனவள் ஜாலியாக இருப்பாள், இவள் எதற்கு சீன் போடுகிறாள் என்று ஒரு பெண் எழுதினாள். ஐந்துக்கு மூன்று மார்க் போட்டவர்களும் உண்டு. யாரோ ஒருவன், 'ட்விஸ்ட் நான் சொல்றேன். அக்கா புருஷன்தான் கில்லர்' என்று எழுதினான். அதற்குத்தான் லைக் குவிந்தது. இன்னொரு சேனல்காரன் அதை எடுத்துக்கொண்டு, பழைய வீடியோ ஒன்றில் ஜமுனாவுக்குப் பின்னால் சிரித்தபடி நின்ற உதயகுமாரின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இந்தச் சிரிப்பை கவனிச்சீங்களா?' என்று தனி வீடியோவே வெளியிட்டான்.

முதலில் படகில் கேலி செய்தார்கள். பிறகு கேலி நின்றது. அதுதான் மோசம். மீன் ஏலம் போடும் இடத்தில் உதயகுமார் வந்தால் பேச்சு அடங்கியது. படகுக்காரர் பொன்னுரங்கம், "தப்பா நெனச்சிக்காத உதயா, கொஞ்ச நாளு வூட்ல இரு. பசங்க ஒரு மாதிரி பேசறானுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் நந்தினியிடம் ஒரு பெண், "உங்க நைனாவப் பாத்தா அப்படித் தெரியலயேடி" என்றாள். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். நந்தினி மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை.

உதயகுமார் கோபப்படவில்லை. ஒரு சாயங்காலம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்.

"நீ எப்பனாச்சும் அப்படி நெனச்சியா?"

"பைத்தியமா உனக்கு?" என்றாள் ஜமுனா.

சரியான பதில்தான். ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தது. அந்தக் காலத்தில் ஆந்திராப் பக்கம் அவனும் வேலைக்குப் போயிருந்தான் என்பது ஒரு கணம் அவள் மனதில் வந்து போய்விட்டது. எத்தனையோ பேர் எழுதியதைப் படித்துப் படித்து வந்த நினைப்பு அது. அவளுடையது இல்லை. உதயகுமார் அந்தத் தாமதத்தைப் பார்த்துவிட்டான். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அதைப் பார்க்கத் தெரியாதா? விடிந்ததும் மங்களூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போவதாகச் சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டான். மகளின் தலையைத் தொட்டான். ஜமுனாவைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

ஜமுனா அன்றைக்கே மீஞ்சூருக்குப் போனாள்.

"அத எடுத்துருடா. என் குடும்பம் போச்சு."

"அக்கா, நீங்கதானே பேசினீங்க. யாராச்சும் பாத்துட்டு சொல்லுவாங்கனு தானே போட்டோம்?"

"ஒருத்தனும் சொல்லல. கொலகாரன்னு தான் சொல்றானுங்க. எடுடா."

விக்கி போனை எடுத்து அந்த வீடியோவைத் திறந்தான். அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். அவள் எதிரிலேயே அழித்தான். அந்த வகையில் அவன் யோக்கியன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது நந்தினியின் முகம் மாறியது.

"டெலீட் பண்ணிட்டானா? ஃபுல்லா?"

"ஃபுல்லாத்தான். ஏன்டி?"

"அதுல ஒரு கமெண்ட் இருந்துதும்மா. யாரோ ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. எனக்கு ருக்குவத் தெரியும், ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில், அவ யாரு கூடவும் ஓடல, போன் நம்பர் குடுங்கனு."

ஜமுனா மகளின் இரண்டு தோளையும் பிடித்தாள். "எப்போடி பாத்த?"

"நைனா போறதுக்கு மொத நாளு. சொல்லலாம்னுதான் இருந்தேன். நைனா அப்படி உக்காந்துக்கினு இருக்கறச்சே எப்படிம்மா சொல்றது?"

"பேரு இன்னா போட்டிருந்துது?"

நந்தினிக்கு நினைவில்லை. பெயருக்குப் பதில் ஒரு பூப்படம் இருந்தது என்றாள். ஜமுனா அவளை அறைந்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து அழுதார்கள். விக்கியைக் கூப்பிட்டுக் கேட்டபோது, வீடியோ போனால் கீழே எழுதியதெல்லாம் கூடவே போய்விடும், மீட்க வழியில்லை என்றான். சிவப்பு வட்டம் போட்டவனின் வீடியோ மட்டும் அப்படியே இருந்தது. அதன் கீழே நந்தினி, 'ருக்குவோட பக்கத்துக் கட்டில் அக்கா, தயவுசெஞ்சு பேசுங்க' என்று எழுதி போன் நம்பரையும் போட்டாள். போன் நிறைய வந்தது. பெண் குரலில் பேசிவிட்டுச் சிரிக்கிற பையன்கள்தான் பேசினார்கள். அந்த அக்கா பேசவேயில்லை.

தாயும் மகளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இந்த முறை உட்காரச் சொன்னார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் முழுவதும் கேட்டார்.

"சரிம்மா, அந்த கமெண்ட் எங்க?"

"போயிடுச்சு சார்."

"போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா? எழுதுனவங்க பேரு? ஒண்ணும் இல்லாம நான் எத வெச்சு விசாரிக்கறது?" என்றவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க இறாலக்காதானே? எங்க வூட்ல எல்லாரும் பாப்பாங்க. வெள்ளிக்கெழம வந்த படம் பாத்தீங்களா, எப்படிக் கீது?"

பழக்கத்தில் பதில் சொல்ல ஜமுனாவின் வாய் திறந்தது. நந்தினி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஒன்று மட்டும் ஜமுனாவின் கையில் மிஞ்சியது. ருக்கு ஓடவில்லை. ஸ்டேஷனில் சொன்னது பொய், ஊரில் சொன்னது பொய். இத்தனை வருஷமாக ருக்குவின் பெயரை வீட்டில் எடுக்கவிடாத தன் தாய் எல்லம்மாவிடம் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று தோணிரேவுக்கு நடந்தாள். தங்கச்சியின் மேல் விழுந்த கறையைத் துடைக்கப் போவதாக நினைத்துக்கொண்டுதான் போனாள்.

எல்லம்மா வாசலில் குந்தி நண்டுகளின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போன் கிடையாது. வீடியோ எதையும் பார்த்ததில்லை.

"ம்மா, நம்ம ருக்கு ஓடலயாம். கூட வேல செஞ்ச பொண்ணே சொல்லியிருக்கு. எவன் கூடவும் போவலயாம்."

எல்லம்மாவின் கை நின்றது.

"அப்ப எங்க கீறாளாம்?"

"அது தெரியல."

"உசுரோட கீறாளாமா?"

எல்லம்மா கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டாள்.

"எங்கயோ ஒரு ஊர்ல புருஷன் புள்ளங்களோட கீறா, எங்க மேல கோவத்துல வராம கீறானு நெனச்சுக்கினுதான் இத்தினி வருசம் சோறு துன்னேன். பேரச் சொன்னா எங்க பொய்யாயிடுமோனு தான் பேர எடுக்கவுடல. அவ ஓடிப்போனானு ஊரே சொல்றச்சே எனக்கு எவ்ளோ தெம்பா இருந்துது தெரியுமாடி? அதயும் புடுங்கிட்டியே."

அவள் கத்தவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஜமுனா கூப்பிட்டாள். கட்டாமல் விட்ட நண்டுகள் கூடையின் விளிம்பில் ஏறி விழுந்து வாசலில் ஓடத் தொடங்கின. ஜமுனா அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டிப் போட்டுவிட்டு, உள்ளே போகத் துணிவில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.